கடன்காரர்களுக்குப் பாடு போட்ட கதை

பழவேற்காட்டில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு இறால் எடைபோட்ட முதல் ஆள் நான்தான். இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இன்றைக்கு உயிரோடு இல்லை. படிப்பு என்று பார்த்தால் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் நண்டு பிடிக்கப் போய்விட்டேன். ஆனாலும் எழுபதுகளில் ஏரிக்கரையில் வந்து ஷெட் போட்ட இறால் கம்பெனிக்காரர்கள், கூடியிருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுத் தராசைக் கையில் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியாதா.

எங்கள் குப்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். சம்பளக்காரன் என்றால் ஊரே கூப்பிட்டுக் கடன் கொடுக்கும். பொன்னேரியில் தவணைக்கடை வைத்திருந்த முதலாளி ரேடியோ, சைக்கிள், இரும்புக் கட்டில் என்று ஒவ்வொன்றாக என் தலையில் கட்டினார். ரேடியோவைச் சத்தமாகத் திருகி வைத்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பசியாவரம் வரைக்கும் கேட்கும். பழவேற்காட்டு ஜவுளிக்கடை பாய், டெரிலின் துணி வந்தால் எனக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார். இது போதாது என்று, மீன்கூடை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் எங்கள் குப்பத்து அக்கா ஒருத்தியிடம் வட்டிக்கும் வாங்கியிருந்தேன். எதற்கு வாங்கினேன் என்பது நினைவில்லை. கூலிங் கிளாசாக இருக்கலாம்.

ஒருநாள் காலையில் போனால் ஷெட்டில் பூட்டு. கம்பெனி ஆந்திரா பக்கம் போய்விட்டது. தராசைக்கூட எடுத்துப் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் விழும் இடங்கள் உண்டு. அங்கே நினைத்தவன் நினைத்த நாளில் வலை போட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து சீட்டு எடுத்து, எந்த வலை எந்த நாளில் எந்த இடத்தில் என்று வரிசை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். உன் நாளில் விழுந்தது உனக்கு. ஒன்றும் விழவில்லையா, உன் முறை மறுபடி வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அடுத்தவன் நாளைக் கேட்கக் கூடாது. வலை இல்லாதவனுக்கு வரிசையில் இடமே இல்லை.

நான் தராசு பிடித்த காலத்தில் என் வலையை மச்சான்தான் தன் படகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி எங்கள் சோறு அந்த வலையில்தான். ஆனால் என் வீட்டில் தவணை பாக்கி இல்லாமல், விலை போகக்கூடிய பொருளும் அது ஒன்றுதான். கடன்காரர்களுக்கு அது தெரியாதா என்ன.

என் மனைவிக்கும் தெரிந்தது. “வலைய தூக்கிக்கினு பூட்டாங்கன்னா இன்னாத்த வெச்சிப் பொழைப்ப? கடியாரத்த தண்ணியில வுட்டு எறா புடிப்பியா?” என்றாள். “போய் ஒவ்வொருத்தரா பாத்து, கொஞ்ச நாளு பொறுத்துக்கங்கன்னு கேளு.”

கேட்பதில் எனக்கென்ன வெட்கம். முதலில் பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். முதலாளியைப் பார்க்கப் போவதால் நல்ல டெரிலின் சட்டை, கடிகாரம், கூலிங் கிளாஸ். முதலாளி எழுந்து வந்து வரவேற்றார்.

“வாங்க, வாங்க. டேப் ரிக்கார்டர் வந்திருக்கு. உங்களுக்குன்னே வெச்சிருக்கேன்.”

“வேல பூட்ச்சி மொதலாளி. தவணைய கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாமான்னு கேக்க வந்தேன்.”

“யாருக்கு வேல போச்சு?”

“எனக்குத்தான்.”

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என் கூலிங் கிளாசில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். “யோவ், வேல போனவன் இப்படியா வருவான்? கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னுக்கிட்டு கஷ்டம்னா எவன் நம்புவான்? சீட்டு எடுக்கற அன்னிக்கு ஊருக்கே வரேன். பணம் வை, இல்ல வலைய வை.”

குறை உடுப்பில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். எனக்கு ஒரு தடவை பட்டால் போதும். மறுநாள் பாய் கடைக்குப் போகும்போது மச்சானுடைய கிழிந்த பனியனையும், செதில் காய்ந்து ஒட்டியிருந்த லுங்கியையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முகம் வழிக்கவில்லை. நடையிலும் கொஞ்சம் தளர்ச்சி வைத்தேன். அது என் சொந்தக் கற்பனை.

பாய் பதறிப்போய் ஸ்டூல் போட்டார். டீயும் பன்னும் வரவழைத்தார். நான் தின்று முடித்த பிறகு கேட்டார்.

“இன்னா தம்பி இப்டி ஆயிட்டே. ஒடம்புக்கு இன்னா?”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல பாய். வேல பூட்ச்சி. பாக்கிய மெதுவா…”

“மெதுவாவா?” அவர் என் பனியன் ஓட்டைகளைப் பார்த்தார். “மெதுவா குடுக்கற வரைக்கும் நீ இருக்கணுமே தம்பி. தப்பா நெனச்சிக்காத. என்னுத மட்டும் மொதல்ல முடிச்சிடு. அல்லா ஒனக்கு ஆயுச குடுக்கட்டும்.”

அக்காவிடம் எந்த உடுப்பில் போனாலும் ஒன்றுதான். நான் அம்மணமாக ஓடிய காலத்திலிருந்து என்னைப் பார்த்தவள். “அந்த ரெண்டு பேரும் வந்து வலைய எடுக்கறதுக்குள்ள நானே எடுத்துக்கறேன்டா. ஒம்மேல பாசம் இல்லாமயா சொல்றேன்?” என்றாள்.

சீட்டு எடுக்கும் நாள் வந்தது. பெரியவர்கள் கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். என் வலை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் மிதப்புக் கட்டிய பக்கத்தை ஜவுளிக்கடை பாய் பிடித்துக்கொண்டிருந்தார். ஈயக்குண்டுப் பக்கம் பொன்னேரி முதலாளி கையில். நடுவில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

“எழுந்திரும்மா, வலை கிழியப்போவுது” என்றார் முதலாளி.

“நீ வுடு, நான் ஏந்திருக்கறேன்.”

பாய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மிதப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்களில் மூத்தவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “இந்த வலை வரிசையில கீது. வரிசையில இருக்கற வலைய, பாடு முடியற வரைக்கும் கரைய வுட்டு எவனும் எடுத்துக்கினு போவ முடியாது. அது ஊரு கட்டு.”

மூவரும் ஒரே குரலில் சண்டைக்கு வந்தார்கள். அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன்: இறாலுக்குப் பாடு இருப்பதுபோல இவர்களுக்கும் ஒரு பாடு போட்டால் என்ன? இதைத் தான்தான் முதலில் சொன்னதாக என் மனைவி இன்றுவரைக்கும் சொல்வாள். அவள் என் காதில் சொன்னாள் என்பது உண்மைதான். ஊர் கேட்கச் சொன்னது நான்.

பெரியவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மூவரும் ஆளுக்கொரு சிப்பி பொறுக்கித் துண்டுக்குள் போட்டார்கள். முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் தேடி, ராசியான சிப்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அக்கா, முதலாளி, பாய் என்று வரிசை விழுந்தது. என் முறை வரும் நாளில் விழுவதில் பாதி என் வீட்டுக்கு, பாதி அன்றைக்கு யார் நாளோ அவர்களுக்கு.

“அப்ப வட்டி?” என்றாள் அக்கா.

“பாட்டுல ஏது வட்டி?” என்றார் மூத்தவர். அதோடு வட்டி நின்றது.

அக்காவின் நாளில் ஓரளவுக்கு விழுந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, என்னைத் திட்டாமல் போனாள். அதுவே பெரிசு.

முதலாளிக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லை. தன் நாளில் தானே வந்தார், வெள்ளை வேட்டி, குடை, கையில் செருப்பு. படகில் ஏறி உட்கார்ந்ததும் குடையை விரித்தார். காற்று அவரையும் குடையையும் சேர்த்து ஒரு பக்கம் தள்ளியது. மச்சான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வலையை இழுத்தால் காசுக்கு ஆகாத சொறிமீன் கொழகொழவென்று வந்தது. கூடவே நாலைந்து நண்டு.

“இது கணக்குல சேராது. நாளைக்கு இன்னொரு தடவை போடுங்க” என்றார்.

“நாளைக்கி நம்முது இல்ல மொதலாளி. நம்ம மொற மறுபடி வந்தாலும் அது பாயோடது” என்றான் மச்சான்.

பாதி நண்டைத் துண்டில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் ஒன்று கழன்று கண்டக்டரைக் கடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். பாயின் நாளில் பார்த்தால், வலை தூக்க முடியாமல் இறால். பாய் கடையை விட்டு அசையவே இல்லை; கூடை அவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதிலிருந்து முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. ரேடியோ வாங்க வருகிறவனிடம் அமாவாசை என்றைக்கு என்று கேட்கிறார் என்றார்கள். கட்டில் பார்க்க வந்த ஒரு குடும்பத்தை உட்காரவைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் ஒருமுறை போனபோது தவணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வாடை எப்ப திரும்பும்? தண்ணி கலங்கலா, தெளிவா?” இதுதான் பேச்சு. வேலை போனவன் என்று என்னை அவர் மறந்தே போனார். நான் அவருக்குக் காற்று சொல்கிறவன் ஆகிவிட்டேன்.

மழை பிடித்து, வாடை விழுந்து, ஏரி கலங்கியது. அந்தச் சமயம் பார்த்து வந்தது முதலாளியின் நாள். இந்த முறை குடை இல்லை; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வலைக்கயிற்றில் கை வைத்தார். படகு தாழ்கிற அளவுக்கு இறால், ஒவ்வொன்றும் கை நீளம். கரைக்கு வந்து அக்காவே எடை போட்டு விலை சொன்னாள். ரேடியோ, சைக்கிள், கட்டில் மூன்றும் அன்றோடு என்னுடையவை ஆயின. அக்கா கணக்கும் பாய் கணக்கும் முன்பின்னாக முடிந்துபோயின. வலை கரையிலேயே இருந்தது.

ஆனால் முதலாளியை அனுப்ப முடியவில்லை. அடுத்த முறைக்கும் வந்து நின்றார்.

“உங்களுது முடிஞ்சி பூட்ச்சே மொதலாளி.”

“அது தெரியும்யா. என் நாள் இன்னிக்குத்தானே?”

அவர்தான் கேட்டார், இத்தனை இறாலை வந்த விலைக்கு ஏன் கொடுக்கிறாய், ஐஸ் வைத்துப் பட்டணத்துக்கு ஏன் அனுப்பக் கூடாது என்று. எனக்கும் அந்த யோசனை முன்பே இருந்தது, சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு என் பேர் எழுதி ஓடுகிற ஐஸ் லாரிகளுக்கெல்லாம் முதல் ஐஸ்பெட்டி, பொன்னேரியில் அவர் கடையில் எடுத்ததுதான். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு முதலாளி கேட்டார்:

“தவணை எப்படி வெச்சுக்கலாம்? மாசா மாசமா?”

“வேணாம் மொதலாளி. பாட்டுலயே வெச்சிக்கலாம்.”

அவர் வாசலுக்கு வந்து, கையைத் தூக்கிக் காற்றுப் பார்த்தார்.

“அப்ப வாடை திரும்பினப்புறம் ஆரம்பி” என்றார்.