அவர் ஊற்றிய கடைசி மை

என் வீட்டுக்காரருக்குப் பேனாவில் எழுதுவதைவிட, அதன் வயிறு எவ்வளவு மை கொள்ளும் என்று பார்ப்பதில்தான் ருசி. ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஸ்ரீரங்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இதே கூத்துதான். மருந்துக்கடை சிரிஞ்சில் மையை உறிஞ்சி ஒவ்வொரு பேனாவாக நிரப்புவார். பிறகு மை தீரும்வரை பதினாறாம் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டே போவார். மகள் வாங்கித் தந்த வெளிநாட்டுப் பேனா, குழாயில் ஒரு மில்லிகூடப் பிடிக்காது. கெட்டி ரப்பரில் கடைந்த கறுப்பு எபோனைட் பேனாவில் நேரே உடம்புக்குள்ளேயே மை ஊற்றலாம். அது மூன்று மடங்கு கொள்ளும்.

"பாத்தியா, விலையில என்ன இருக்கு? வயிறு வேணும்டி."

"உங்களுக்கு இருக்கிற மாதிரியா?" என்பேன். சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்புப் பேனாவை நிரப்பி மூடியவர் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் ஏதோ எழுத அந்தப் பேனாவை எடுத்தார். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது; சுருங்கட்டுமே! என் வீட்டுக்காரர் கையால் ஊற்றிய மை. அதில் ஒரு சொட்டுகூட யாருக்கும் கிடையாது, எனக்கும்தான். சாமி அலமாரியில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்தேன்.

பங்குனி பிறந்ததும் துணியில் நீலக் கறைகள் விழ ஆரம்பித்தன. காலையில் இருக்காது. மத்தியானம் பார்த்தால் புதிதாக ஒன்று, ஈரமாக. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போகும். பயம்தான், ஆனால் அந்தப் பயம் வேண்டியிருந்தது. "என்ன எழுதறீங்க?" என்று அலமாரியைப் பார்த்துக் கேட்பேன்.

மகளிடம் போனில் சொன்னேன்.

"அம்மா, வெயில்ல பேனா சூடாச்சுன்னா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு மையை வெளிய தள்ளும். அப்பாவே சொல்லியிருக்காரே. பேசாம எழுதித் தீத்துடும்மா."

"உனக்கென்னடி, சுலபமா சொல்லிட்டே," என்று போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கறை விழுவது நின்றுபோனது. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, மத்தியானத்தில் அலமாரிப் பக்கமே போகாமல் இருந்தேன். ஒருநாள் மனசு கேட்காமல் பேனாவைக் கழற்றிப் பார்த்தேன். மை வற்றிப்போயிருந்தது. உள்சுவரில் கருநீலமாக ஒரு பொருக்கு மட்டும் ஒட்டியிருந்தது. பாவி, மூடியே வைத்திருந்தும் போய்விட்டதே என்று அழுதேன்.

ஒரு டம்ளர் தண்ணீரில் கழுவினேன். தண்ணீர் நீலமாகியது. அதைக் கொட்ட மனம் வரவில்லை. அவருடைய சிரிஞ்சிலேயே உறிஞ்சி, பேனாவுக்குள் மறுபடி ஊற்றினேன். நிறையவே குடித்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'கேட்டீங்களா', அவ்வளவுதான். அந்தப் பெயரை எழுதினேன். எழுத்து வெளிறி, தண்ணீராக விழுந்தது. பிறகு வாய்விட்டே கூப்பிட்டேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"என்ன?" என்று யாரும் கேட்கவில்லை.