ஒரு கையால் திறக்கிற கத்தி

கடலில் வலையை இறக்கும்போது அதன் பின்னால் கயிறு ஓடும். அந்தக் கயிறு ஒருவன் காலைச் சுற்றிவிட்டால் அவனையும் கூட்டிக்கொண்டுதான் ஓடும். சென்னையில் நான் முதலில் ஏறிய மீன்பிடி லாஞ்சில் அது என் கண் முன்னால் நடந்தது. மாட்டிக்கொண்டவனிடம் கத்தி இல்லாமல் இல்லை, இடுப்பிலேயே வைத்திருந்தான். ஆனால் அது மடக்குக் கத்தி. உப்புக் காற்றில் துருவேறி மடிப்பு இறுகிக் கிடந்தது. ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. நாங்கள் என்ஜினை நிறுத்தி, கோடாலியைத் தேடி எடுத்துக் கயிற்றை வெட்டினோம். ஆள் பிழைத்தான். கணுக்காலுக்குக் கீழே பிழைக்கவில்லை.

அந்த லாஞ்ச் பிறகு பழுதாகிக் கரையில் நின்றுவிட்டது. வேறொன்றில் இடம் கேட்டுப் போனேன். அதை ஓட்டுகிற டிரைவர் என் தோளையோ கையையோ பார்க்கவில்லை. இடுப்பைத்தான் பார்த்தார்.

"இன்னா வெச்சிகினு கீற?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"வெறும் ஆள கூட்டினு போயி மீனுக்குத் தீனி போடச் சொல்றியா? கயிறு அறுக்க கத்தி வேணும். முடிச்ச நெம்ப ஊசி வேணும். ரெண்டும் ஒண்ணாவே இருக்கணும். ஒரு கையாலதான் தொறக்கணும். இன்னொரு கை உனக்கு அங்க வேலையா இருக்கும்."

விஜயதசமி அன்று சாயங்காலம் ஐஸ் ஏற்றுவோம், மறுநாள் விடியுமுன் கிளம்புவோம் என்றார். கத்தியோடு வந்தால் இடம் உண்டு. வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறான்.

அதுவரை சோற்றுக்கு எங்கே போவது? திருத்தணியில் அக்கா வீடு இருந்தது. கடலுக்குப் போவதற்கு முன்னால் நான் லாரி கிளீனராக இருந்திருக்கிறேன், திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டியிருக்கிறேன், செங்கல் சூளையில் மண் மிதித்திருக்கிறேன். எங்கிருந்து துரத்தினாலும் வந்து விழுகிற இடம் அக்கா வீடுதான். அவள் வீட்டுக்காரருக்கு நான்கு விசைத்தறி. அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். தறிகளைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இரு என்று அவர் பலமுறை சொல்லிவிட்டார். நாள் முழுக்க ஒரே சத்தத்தில் நிற்க என்னால் ஆகாது. அக்காவுக்கு வேறு கவலை. கணுக்கால் போனவன் கதையை நான் அவளிடம் சொல்லியிருக்கக்கூடாது.

கத்தி தேடி முதலில் மலையடிவாரக் கடைகளுக்குப் போனேன். வளையல், சீப்பு, விபூதிப் பை விற்கிற ஒருவன் பலகைக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். பளபளவென்று இருந்தது. விரல் விரலாகப் பிரிந்தது.

"ஃபாரின் நைனா. கத்தி கீது, கத்திரி கீது, ரம்பம் கீது, பாட்டில் தொறக்கறது கீது, பல்லு குத்தறது கூட கீது. இத்த வெச்சிகினா நீ கல்யாணமே கட்ட வாணாம்."

எனக்கும் கண் அதிலேயே நின்றது. பாவாவைத் தெரிந்தவன் என்பதால் வைத்துப் பார்த்துவிட்டு வா என்று கொடுத்தான்.

கனகம்மாசத்திரத்தில், லாரிகள் நிற்கிற இடத்தில், பட்டாளத்தில் கழித்துப் போட்ட சாமான்களைக் குவித்து விற்கிற கடை ஒன்று உண்டு. தண்ணீர் குடுவை, பூட்ஸ், கூடாரத் துணி எல்லாம் ஒரே குவியல். கடைக்காரம்மா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிண்டிப் பாரு. கைய அறுத்துகினா என்னக் கேக்காத."

கிண்டியதில் ஒரு கத்தி கிடைத்தது. விரல் அகலத்தில் ஒற்றை அலகு, முனை மொட்டை. பக்கத்தில் தகர டப்பா திறக்கிற கொக்கி. முதுகுப் பக்கம் மடங்கிக் கிடந்த தடித்த இரும்பு ஊசி, கயிற்று முடிச்சில் குத்தி நெம்புவதற்கு. கயிறு கோக்க ஒரு வளையம். அவ்வளவுதான். கருத்து, கனத்து, எருமைக் கொம்பு மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இரண்டில் எது கடல் தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஊரில் ஆள் இல்லை. கடலையே பார்க்காதவர்கள்தான் பாதிப் பேர். அக்காவின் நார்த்தங்காய் ஜாடியில் காய் தீர்ந்து உப்புத் தண்ணீர் மட்டும் நின்றது. உப்பும் புளிப்பும் சேர்ந்தது, கடலைவிட மோசம். இரண்டையும் அதில் போட்டு மூடினேன். அடுத்த நாள் ஜாடியைக் கழுவப் போன அக்கா கத்தினாள்.

"இன்னாடா இது, ஊறுகா ஜாடில இரும்ப ஊற வெச்சிகினு கீற? நாளைக்கு உங்க பாவா செருப்பையும் ஊற வெப்பியா?"

"இன்னும் ஒரு நாள் விடுக்கா."

"விட்டா ஜாடியயே கடலுக்குத் தூக்கினு போயிடுவ."

எடுத்துப் பார்த்தபோது ஃபாரின் கத்தியின் அலகுகள் அப்படியே மின்னின. திறக்கத்தான் முடியவில்லை. அத்தனை தகடுகளுக்கு நடுவே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, ஆணிகளைத் தின்றிருந்தது. வலிந்து திறந்ததில் கத்திரியை விரிக்கிற வில் முறிந்தது. பட்டாளத்துக் கத்தி வெளியெல்லாம் செம்மண் நிறமாகியிருந்தது. ஆனால் திறந்தது. அதில் உள்ளே ஒளிய இடமே இல்லை; துரு வந்தால் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். செங்கல் பொடியும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்து, தறிக்கு விடுகிற எண்ணெயை மடிப்பில் விட்டேன்.

ஃபாரின் கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரன் அதை முகர்ந்து பார்த்தான்.

"பழம் அறுக்கறதுக்கு சொன்னேன் நைனா. ஊறுகா போடறதுக்கா சொன்னேன்?"

முறிந்த வில்லுக்காக என் தோல் பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டான். நியாயந்தான்.

பட்டாளத்துக் கத்தியில் ஒரே குறை, வில் ரொம்பக் கடினம். ஒரு கையால் திறப்பது சுலபமாக வரவில்லை. அலகில் நகம் மாட்ட ஒரு பள்ளம் உண்டு. அதில் கட்டை விரலை வைத்து நெம்பி, அலகு கொஞ்சம் தலை தூக்கியதும் தொடையில் தட்டினால் முழுதாகத் திறந்துகொள்ளும். இதைப் பழகப் பழக நகம் பிளந்தது. சோப்பு நுரைக் கையோடு பழகினேன். இடது கையால் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு பழகினேன். பாவா தறிக்கூட வாசலில் நின்று சிரிப்பார்.

"மச்சான், கடல் கெடக்கட்டும். இந்த வேகத்துல நூல் முடிச்சு போட்டீன்னா நான் லட்சாதிபதிடா."

ஆயுத பூஜையன்று தறிக்கூடத்தைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டி, தறிகளுக்கு மாலை போட்டார்கள். ஒரு பலகையில் குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா, கத்திரி, ஸ்பேனர் என்று வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். நான் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது அந்த வரிசையில் என் கத்தியும் இருந்தது. அக்கா என் பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். பக்திக்கு அளவில்லை, அலகின் மேல் கெட்டிச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமத்தை அமுக்கியிருந்தாள்.

"அக்கா, மடிப்புக்குள்ள போவுது பாரு."

"போவட்டும். சாமிதான உள்ள போவுது?"

"நாளைக்குக் காலைல ரயிலுக்குப் போவணும்."

"நாளைக்குத் தறிய ஓட்டி, கற்பூரம் காட்டி, அப்புறந்தான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி கை வெச்ச, நான் செத்தாலும் வராத."

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் ஒரு சின்ன வேலையாவது செய்த பிறகுதான் எடுப்பார்கள். நெசவு வீடுகளில் இதை யாரும் மீறமாட்டார்கள். அவள் சாமிக்காக மட்டும் வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நேரம் தள்ளத் தள்ள ரயில் போகும், ரயில் போனால் லாஞ்ச் போகும். கத்தியை அங்கேயே விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க அந்தச் சந்தனம் காய்ந்துகொண்டே இருந்தது.

காலையில் குளித்து, பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போனேன். பாவா சாவகாசமாக வந்தார். புது வேட்டி, கழுத்தைச் சுற்றி அவரே நெய்த அங்கவஸ்திரம். அதன் கரையைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். யானையைக் கட்டலாம் என்பார். அக்கா கற்பூரம் ஏற்றினாள். பாவா ஒரே ஒரு தறியைப் போட்டார். நாடா ஓடியது.

"எடுக்கட்டுமாக்கா?"

"கற்பூரம் அணையட்டும். ஏன் பறக்கிற?"

தறிக்குப் போட்ட மாலை நழுவி, சக்கரத்தின் பக்கம் தொங்கியது. சாமந்தி இதழ்கள் சக்கரத்தில் ஓடுகிற பெல்ட்டில் பட்டுப் பறந்தன. மாலை உள்ளே போய்விடுமே என்று பாவா குனிந்து அதை இழுத்தார். மாலை வந்துவிட்டது. அங்கவஸ்திரத்தின் ஒரு முனை போய்விட்டது.

அவர் கத்தவில்லை. கத்த வழியில்லை. இரண்டு கையையும் தறியின் சட்டத்தில் ஊன்றித் தலையைப் பின்னால் இழுத்தார். முகம் கருத்துக்கொண்டே வந்தது. நான் ஓடி அவர் இடுப்பை ஒரு கையால் கட்டிக்கொண்டேன். அக்கா வாசல் பக்கம் ஓடி சுவிட்சை அணைத்தாள். மோட்டார் அடங்கியது. ஆனால் கனத்த சக்கரம் உடனே நிற்காது. அது பாட்டுக்குச் சுற்றித் துணியை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது.

பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கத்தியை எடுத்தேன். கட்டை விரல் பள்ளத்தைத் தேடியது. பள்ளம் இல்லை. அங்கே சந்தனம் கல்லாகி நின்றது. நெம்பினேன், நகம்தான் பெயர்ந்தது. கத்தியைப் புரட்டினேன். பலகையில் படுத்திருந்த பக்கத்தில் சந்தனம் படவில்லை, ஊசி திறந்தது. கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விறைத்திருந்த துணியில் அதைக் குத்தி இழுத்தேன். துணி சர்ரென்று கிழிந்துகொண்டே போய்க் கரையில் நின்றது. கரை கிழியவில்லை. இரட்டை நூல். இப்போது இழுவை முழுவதும் அந்த விரலகலக் கரையில். அது பாவாவின் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கத்தியைத் தறியின் இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் சந்தனம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. விரல் பள்ளத்தில் உட்கார்ந்தது. தொடையில் தட்டினேன். ஒரே இழுப்பு. பாவா என் மேல் விழுந்தார்.

கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்ட மாதிரி சிவந்த தடம். மூச்சு விசில் அடித்தது. நான் கத்தியை மடக்கித் தரையில் வைத்தேன். சுவரில் சாய்ந்திருந்தவர் கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டார். ரிக்‌ஷாவில் டாக்டரிடம் போகும்போதும் கையில் வைத்திருந்தார். டாக்டர் விளக்கடித்துத் தொண்டையைப் பார்க்கும்போதும் விடவில்லை.

"வீங்கிகினு கீது. கஞ்சி மட்டும் குடுங்க. பேசவே கூடாது. ராத்திரிக்குள்ள மூச்சு எறுகினா உடனே திருவள்ளூருக்குத் தூக்கினு போவணும்," என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் அக்கா என் பையை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். காலை ரயில் போய்விட்டிருந்தது. மத்தியான ரயிலைப் பிடித்தால் ஐஸ் ஏற்றுகிற நேரத்துக்குப் போய்விடலாம்.

"நீ போ. டைம் ஆவுதில்ல? நான் பாத்துக்கறேன்."

"ராத்திரி மூச்சு எறுகினா நீ ஒண்டியா தூக்குவியா?"

"பக்கத்து வூட்டுல ஆளு கீறாங்க. போடா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பாவாவிடம் போய்க் கத்திக்குக் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பிடி தளரவில்லை. கையில் அது இருப்பதே அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. இழுத்தால் வந்திருக்கும், அவர் உடம்பில் அப்போது பலம் ஏது? கத்தி இல்லாமல் துறைமுகத்துக்குப் போய் நிற்பதில் அர்த்தமில்லை. இழுக்கலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ரிக்‌ஷாக்காரனிடம் ராத்திரி கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டு வரப் போனேன்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. விடியும்போது பாவாவின் மூச்சு சீராக வந்தது. லாஞ்ச் கிளம்பியிருக்கும். இன்னொரு லாஞ்ச், அதே குவியலில் கிண்டி எடுத்த இன்னொரு கத்தி எல்லாம் எனக்குக் கார்த்திகை கழித்துத்தான் கிடைத்தன.

அன்று காலை நான் பழைய கம்பி வலையும் மரச் சட்டமும் தேடி எடுத்து, அந்தப் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் மூடி அடிக்க உட்கார்ந்தேன். பாவாவைப் பாயோடு கொண்டுவந்து தறிக்கூட வாசலில் உட்காரவைத்தாள் அக்கா. பேச முடியாததால் மடக்கிய கத்தியால் தரையைத் தட்டித் தட்டி, ஆணி எங்கே அடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் அடித்ததெல்லாம் தப்பாம்.