இடது கைக்கு ஒரு ஸ்டியரிங்

பெரியப்பா தன் காருக்கு ஸ்டியரிங் பொக்ஸ் தேடி அலைந்த நாட்களில், அந்தக் கார் எனக்காகத்தான் செய்யப்படுகிறது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. சீருடை தைக்கும்போது தையல்காரர் என் தோளை அளந்து பார்ப்பது போல, பெரியப்பா ஒவ்வொரு பொக்ஸுக்கும் என் கையைத்தான் அளவாக வைத்துப் பார்த்தார். அதுவும் இடது கையை.

பிலிமத்தலாவையில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லாததால் பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். அவர் பல வருடங்களாகத் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டியவர். லீவு நாட்களில் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் புகுந்துகொள்வார். அங்கே வெள்ளைக்காரர் காலத்துக் கார் ஒன்று நின்றது. அதன் கூரையை வெட்டியெடுத்து, மட்கார்டுகளைக் கழற்றி, உள்ளே ஜப்பான் கார் ஒன்றின் எஞ்சினை வைத்திருந்தார். எஞ்சின் அடங்காமல் வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ‘ஹொட் ரொட்’ என்று பெயர், வெளிநாட்டில் பழைய கார்களை இப்படிக் குறைத்து வேகமாக ஓட்டிக் காட்டுவார்கள் என்று எனக்கு விளக்கியிருந்தார். பெரியம்மாவுக்கு அந்தப் பெயரும் பிடிக்கவில்லை, காரும் பிடிக்கவில்லை. யாராவது கேட்டால், “என்னமோ சூட்டுக் கம்பியாம், நம்மளத்தான் சுடுது” என்பார்.

அந்த வருடம் பெரியப்பாவைத் திடீரென்று பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்குக் காய்ச்சல் என்று என்னிடம் சொன்னார்கள். திரும்பி வந்தவர் லொறி வேலைக்குப் போகவில்லை. அதிகம் பேசவில்லை. இடது கையை எப்போதும் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். அது ஒரு மிடுக்கு என்று எனக்குப்பட்டது. என் சீருடையில் பை இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

கார் விஷயத்தில் பெரியம்மா கறாராக ஒரு கெடு வைத்தார். தைப்பொங்கலுக்குள் அது ஓட வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். வாங்குவதற்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தார். மற்ற வேலையெல்லாம் முடிந்து, ஸ்டியரிங் பொக்ஸ் ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தத் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெட்டி அது. காரோடு வந்த பழைய பெட்டி வார்ப்பிரும்பு, என்னால் அசைக்கக்கூட முடியாது.

“முன்பக்கம் பாரம் கூடுனா வளைவுல வண்டி சொன்னபடி கேக்காது. பாரம் கொறஞ்ச பொக்ஸா, லேசா திரும்புறதா வேணும்,” என்று பெரியப்பா எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் அது வேகத்துக்கு என்று நினைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மடவளைக்குப் போனார். கண்டியில் பஸ் மாறி, இருவரும் நெரிசலில் நின்றபடியே போனோம். பெரியப்பா வலது கையால் கம்பியைப் பிடித்திருந்தார், நான் அவரைப் பிடித்திருந்தேன். அங்கே பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்று இருந்தது. கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட, குண்டான மனிதர். வருகிறவர்கள் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நானா முதலில் ஒரு வேனின் பொக்ஸை எடுத்து மேசை இடுக்கியில் பூட்டினார். அதில் ஒரு ஸ்டியரிங் வளையத்தைச் செருகி, பொக்ஸிலிருந்து நீளும் இரும்புக் கையில் பழைய ரிம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சக்கரத்தின் பாரம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக.

“எங்க பாப்பா, எடது கையால மட்டும் சுத்து,” என்றார் பெரியப்பா.

சுற்றினேன். சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ரிம் கொஞ்சம்தான் நகர்ந்தது. “இத வச்சிக்கிட்டு வளைவுல திருப்புனா, வளைவு முடிஞ்ச பொறகுதான் வண்டி திரும்பும்,” என்று பெரியப்பா ஒதுக்கிவிட்டார். இரண்டாவது பொக்ஸ் ஒரு ஜீப்புடையது. நான் தொங்கிப் பார்த்தும் அது அசையவில்லை. மூன்றாவதை நானா அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து, துணியால் துடைத்துத் தந்தார். அலுமினியத்தாலான சின்னப் பொக்ஸ். அதை நானே இரண்டு கைகளாலும் தூக்கி மேசையில் வைத்தேன். இடது கையால் திருப்பியபோது ரிம் மெல்ல எழுந்து பக்கவாட்டில் போனது.

பெரியப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “இன்னொருக்கா சுத்து,” என்றார். பிறகு இன்னொரு தடவையும்.

நானாவுக்குப் பொறுக்கவில்லை. “புள்ளய ஏன் பாடுபடுத்துறீங்க? ஓட்டப்போறது நீங்கதானே, நீங்க புடிச்சிப் பாருங்களே.”

பெரியப்பா பைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தார். அந்தக் கையை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து தூங்குவது போலிருந்தன. வலது கையால் அதைத் தூக்கி வளையத்தின்மேல் வைத்தார். திருப்பப் பார்த்தபோது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். நெற்றியில் வியர்த்தது. வளையம் அசைந்தது, ரிம் எழுந்தது, கொஞ்சத் தூரம் போய் நின்றது.

காய்ச்சலில் கைகூட இப்படித் தூங்கிப்போகுமா என்று நான் யோசித்தேன். அது பக்கவாதம் என்பதும், என் கையின் பலமும் அவர் கையின் பலமும் அப்போது ஏறக்குறைய ஒன்றாக இருந்தன என்பதும் பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நானா புரிந்துகொண்டார். கடைப்பையனிடம் பால் கலக்காத பிளேன்டி கொண்டுவரச் சொன்னார். “என்ட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் வந்திச்சி. கைய சும்மா வச்சிக்கொண்டு ஈக்காம அசைச்சிக்கொண்டே ஈந்தார். பொறகு அந்தக் கையாலதான் கடையப் பூட்டித் தெறந்தார். கொண்டுபோங்க. சரிவராட்டி திருப்பிக் கொண்டாங்க.”

திரும்பும் பஸ்ஸில் பொக்ஸ் என் மடியில் இருந்தது. யார் கேட்டாலும் என் காருடையது என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா அதைப் பூட்டி முடிக்க ஒரு வாரமாயிற்று. பரீட்சை ஓட்டம் எங்கள் வளவுக்குள்ளேயே நடந்தது. எஞ்சின் உறுமியதும் அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்துவிட்டார்கள். பெரியப்பா கேட் பக்கம் போக இடப்பக்கம் திருப்பினார். கார் தயக்கமே இல்லாமல் வலப்பக்கம் திரும்பி, பெரியம்மாவின் சௌசௌப் பந்தலுக்குள் நுழைந்து, கொடியும் காயுமாகப் பந்தல் முழுவதையும் பெரியப்பாவின் தலைமேல் சாய்த்துக்கொண்டு நின்றது.

பெரியம்மா அகப்பையோடு ஓடிவந்தார். காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. “எடப்பக்கம் திருப்புனா வலப்பக்கம் போற காரு ஒலகத்துலயே நம்ம வீட்டுல மட்டுந்தான் இருக்கு. போதுங்க. நாளைக்கே அந்த ஆள வரச் சொல்றேன்.”

பெரியப்பா கொடிகளை விலக்கிக்கொண்டு இறங்கி வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். கை மறுபடி பைக்குள் போய்விட்டது. அன்று முழுவதும் அவர் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் பெரியம்மா மடவளைக்கு டெலிபோன் எடுத்தார். திட்டத்தான் எடுத்தார். ஆனால் நானா சொன்னதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பொக்ஸில் பிழை இல்லை. அது இருந்த காரில் இரும்புக் கை மேல்பக்கமாக நீண்டிருந்தது. இங்கே கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட்டதால் இடமும் வலமும் மாறிப்போயின. பொக்ஸைக் கழற்றி, அந்த இரும்புக் கையை மேல்பக்கமாக மாற்றிப் பூட்டினால் சரியாகிவிடும். நானா அதோடு வேறு ஏதோவும் சொல்லியிருக்க வேண்டும். டெலிபோனை வைத்த பெரியம்மா உள்ளே போய், படுத்திருந்த பெரியப்பாவின் இடது கையைப் பைக்குள்ளிருந்து மெல்ல வெளியே எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை இரும்புக்காரர் வரவில்லை. பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போய், ஒரு சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்தார். பெரியப்பா வாசலில் வந்து திகைத்து நின்றார்.

“என்ன பாக்குறீங்க? நான் புடிச்சிக்கிறேன், நீங்க நட்ட முறுக்குங்க.”

பழைய வார்ப்பிரும்புப் பொக்ஸாக இருந்திருந்தால் அவரால் அப்படித் தாங்கியிருக்க முடியாது. இது பாரம் குறைந்தது. மல்லாந்து படுத்தபடி இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். பெரியப்பா வலது கையால் நட்டை முறுக்கினார். நான் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தேன். “சீக்கிரம் பூட்டுங்க, மூஞ்சியெல்லாம் கிரீஸ்,” என்று பெரியம்மா அடியிலிருந்து அதட்டினார். பெரியப்பா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

ரோட்டில் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்டத்துப் பாதையைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை என்பது பெரியப்பாவின் வாதம். பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவரோடு வேலை செய்தவர்கள் காரை லொறியில் ஏற்றி, அவருக்குப் பழக்கமான தொழிற்சாலைப் பாதையில் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை இல்லாத நாள், பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. பெரியப்பாவுக்குப் பக்கத்தில் பெரியம்மா, பின்னால் பலகையில் நான். என் கைக்கு அளவெடுத்த காரில் என்னைப் பின்னால் ஏற்றியது எனக்கு மனவருத்தம்தான்.

கார் கிளம்பியது. புழுதியே எழவில்லை. பாதையோரம் நின்ற நாய் எங்களோடு வந்து, பிறகு சலித்துப்போய் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. வளைவு வந்தபோது பெரியப்பாவின் இடது கை வளையத்தின்மேல் இருந்தது. விரல்கள் விரிந்து, மெல்ல மடங்கி, பிடித்தன. கார் வளைவின் போக்கிலேயே திரும்பியது. அடுத்த வளைவிலும் திரும்பியது. பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

இவ்வளவு பாடுபட்டும், இவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தும், ஒரு நாயைக்கூட முந்த முடியவில்லையே என்றுதான் அவர் அழுகிறார் என நினைத்தேன். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. எட்டி அவர் தோளைத் தொட்டு, “அழாதீங்க பெரியம்மா, அடுத்த வாரம் வேகமாப் போகும்,” என்றேன்.

“போகும்டி, போகும்,” என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் அதிகமாக அழுதார்.