கார்டில் இருக்கும் காது

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. ஆனாலும் வாயால் சொல்ல முடியாத கோபம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மலாய் நாட்டில் கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் என் முகத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை. காதைத்தான் பார்ப்பார்கள். பட்டணத்துக் கடைக்குப் போனால் சீனத்துப் பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். மலாய்க்காரப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக் காட்டுவார்கள். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வேன். அப்போது இன்னும் உற்றுப் பார்ப்பார்கள்.

எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் பெண் குழந்தைக்குக் காது குத்திப் பஞ்சை வைத்துத் துளையைப் பெரிதாக்குவார்கள். பிறகு ஈயக் குணுக்கு மாட்டுவார்கள். பத்து வயதில் காது தோளைத் தொடும். அதில் தங்கத் தண்டட்டி ஆடும். காது வளராதவளைப் பெண் கேட்டு வர மாட்டார்கள். வளர்ந்த காது அறுந்துபோனால் மூளி என்பார்கள். என் காதைப் பார்த்துத்தான் என் மாமியார் சம்மதித்தார். அப்படிப்பட்ட காது கப்பலை விட்டு இறங்கியதும் வேடிக்கைப் பொருளாகிவிட்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன். கணவர் இறந்த பிறகு தண்டட்டியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். வெறும் காது இரண்டு வளையமாகத் தொங்கியது.

அவசரகாலம் வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரரை எதிர்த்துச் சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, விடிகாலையில் மரப்பட்டையை வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிற எங்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்கப் பட்டணத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்தார்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான். இருபது வயது இருக்கும்.

ஒருநாள் அந்தச் சிப்பாய் என் வலது காது வளையத்துக்குள் பென்சிலை நுழைத்துத் தொங்கவிட்டான். பையிலிருந்து கேமராவை எடுத்துச் சட்டென்று படம் பிடித்தான். ஏதோ சொன்னான்.

"ஒளிச்சு வெச்சிருக்கியான்னு கேக்குறாரு," என்றாள் சோதனைக்காரி. "அரைப்படி அரிசி கொள்ளும் போலிருக்கே லா!"

வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்தவர்கள் எங்கள் ஜனங்கள்தான். என் காதைப் போலக் காது வைத்திருந்த தாய்மாருக்குப் பிறந்தவர்கள். அந்தச் சிப்பாயும் என்னைப்போலக் கப்பலில் வந்தவன்தானே? அவன் காதை யாராவது தொட்டார்களா? பென்சிலை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

என் மகள் வள்ளி அன்று முழுக்கச் சோறு தொடவில்லை. "அறுத்துப் போடும்மா," என்றாள். "பாக்குற கண்ணை எல்லாம் மூட முடியாது. ஒன் காதைத்தான் மூட முடியும்."

அந்த வாசலை ஒரே ஒரு நாளாவது யாரும் திரும்பிப் பாராமல் கடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"யம்மா, அறுத்தா மறுபடி ஒட்டாது. யோசிச்சிக்க," என்றார் அங்கே காயத்துக்கு மருந்து போடும் டிரசர்.

"யோசிச்சாச்சுங்க."

தொங்கிய சதையை அறுத்துவிட்டுத் தையல் போட்டார். அறுத்ததை என்னிடம் கேட்காமலே வாளியில் போட்டார். பத்து வயதுவரை என் தாய் எண்ணெய் தடவி வளர்த்தது அது.

பத்து நாள் கழித்துக் காயம் ஆறி வேலைக்குக் கிளம்பினேன். முக்காடு போடவில்லை. சோதனைக்காரி என் அடையாளக் கார்டை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மலாய்க்காரக் காவலரைக் கூப்பிட்டாள். அவர் கார்டை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "புக்கான் டியா," என்றார். இது அவள் இல்லையாம்.

கார்டில் இருந்தவளுக்குக் காது தோள்வரை தொங்கியது. அவசரகாலத்தில் அடுத்தவர் கார்டோடு பிடிபட்டால் சிறைதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அது எங்கம்மா! நான் அவங்க மக!" என்று எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வள்ளி கத்தினாள்.

"மகள்னு யாரு வேணாலும் சொல்லலாம் லா. காது எங்க?" என்றாள் சோதனைக்காரி.

"என்னக்கா, காதை அடகு வெச்சிட்டியா?" என்றாள் வரிசையில் நின்ற சின்னப்பொண்ணு. மறுபடியும் சிரிப்பு.

"பெருவிரல் ரேகை இருக்கே, அதைப் பாருங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆறு மாதமாகத் தினமும் என்னைத் தொட்டுத் தடவிச் சோதித்தவளுக்கு என் முகம் தெரியவில்லை. காது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வெயில் ஏறி, மரத்தில் பால் நின்றுபோகும் நேரம்வரை முள்கம்பி ஓரமாக என்னை நிற்க வைத்தார்கள். போகிற லாரியெல்லாம் நின்று பார்த்தது. கடைசியில் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து, இது அவள்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். தண்டட்டி கிடந்தது, மாட்டக் காது இல்லை. கார்டில் காது இருக்கிறது. அது என்னுடையது இல்லை என்கிறார்கள். ஊருக்குப் போனால் மூளி. இங்கே இருந்தால் வேறு யாரோ.

புதுக் கார்டு வரும்வரை காட்டுவதற்குக் கிராணி ஒரு சீட்டு எழுதித் தந்திருந்தார். இவளுடைய காதுகள் அறுக்கப்பட்டவை என்று அதில் இருந்தது. மறுநாள் காலை வாசலில் அதை நீட்டினேன். சோதனைக்காரி சத்தமாகப் படித்தாள். வரிசையில் எல்லோரும் என் காதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் போகச் சொன்னாள்.