மூன்றாம் வருடத்து மொட்டு

சித்திரை பிறந்த பத்தாம் நாள் என் ரோஜாவின் இலைகள் ஓரங்களில் கருகத் தொடங்கின. அடுத்த வாரத்துக்குள் பாதிச் செடி மொட்டையாகிவிட்டது. அலுவலகத்தில் கன்டெய்னர் எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பேன். கண்ணில் அந்தக் கருகல்தான் நிற்கும். ஏற்றிய எண்ணையே மறுபடி ஏற்றித் திட்டு வாங்கினேன்.

அது டீ ரோஸ். தேன் கலந்த பால் நிறத்தில் பூக்கும், முகர்ந்தால் டீத்தூள் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும் என்று மாதவரம் பக்கத்து நர்சரிக்காரர் சொல்லிக் கொடுத்தார். நம்மூர் வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் வளரும் என்றார். “அவசரக்காரங்களுக்கு இது சரிப்படாதும்மா. மொத ரெண்டு மூணு வருஷம் மொட்டு வந்தா கிள்ளிப் போட்டுடு. செடி பலமாவட்டும். கத்திரி மட்டும் வெக்காத.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் தாவரவியல் படித்தேன். அப்பா விசைப்படகில் போய் வந்தே காலத்தை முடித்தவர்; இப்போது இல்லை. அம்மா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள். வங்கியில் இன்றும் கைநாட்டுதான். அவள் கூடை சுமந்து படிக்க வைத்த படிப்புக்கு ஏற்ற வேலை எனக்குக் கிடைக்கவில்லை. “செடி படிப்பு படிச்சியே, இன்னாத்துக்கு ஆச்சு?” என்று தெருவில் கேட்பார்கள். என்னிடம் இருந்த ஒரே பதில், மொட்டைமாடியில் பாதியாய் அறுத்த நீல டிரம்மில் நின்ற அந்தச் செடி. அது பூத்தால் நான் படித்தது வீணில்லை. யாரும் கேட்காமலே எனக்கு நானே அப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அதனால் மொட்டு அரிசி அளவு இருக்கும்போதே கிள்ளினேன். துணி காயப்போட வந்த எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னாமே, பூச்செடிய வாங்கி வெச்சிகினு பூவ கிள்ளிப் போடுற? நீ இன்னா ஆடா?”

“வேர் புடிக்கணும்க்கா.”

“மூணு வருசமா புடிக்கிற வேரு, எண்ணூரு வரைக்கும் போயிருக்கும்மே!”

கூட இருந்த அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஒவ்வொரு மொட்டுக்கும் கேட்பாள். “ஒண்ணே ஒண்ணு வுடுடி. உன் நைனா படத்துக்கு வெக்கிறேன்.”

“இன்னும் நாள் கீதும்மா” என்பேன். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம். எனக்கு அது பெருமையாக இருந்தது.

முதல் ஐப்பசி மழையில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்றில் வரும் கரித்தூளை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தேன். அதையெல்லாம் தாண்டி என் இடுப்பு உயரம் வந்த செடி இப்போது கருகிக்கொண்டிருந்தது.

வேப்பெண்ணெய் அடித்தேன். அம்மாவின் பழைய புடவையைக் கட்டி நிழல் செய்தேன். எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் நர்சரிக்காரர் பேச்சை மீறிக் காய்ந்த கிளைகளில் கத்திரி வைத்தேன். வெட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தது. தினமும் காலையில் நகத்தால் தண்டைச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பேன். நாளுக்கு நாள் இன்னும் கீழே போய்ச் சுரண்ட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் இருந்தபோது, மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அம்மா வாளியோடு ஏறி வந்தாள். நேராகப் போய் டிரம்மில் கவிழ்த்தாள்.

“இன்னாம்மா ஊத்துற?”

“மீன் பொட்டித் தண்ணி. நீதானே சொன்ன, மீன் தண்ணியில செடிக்கு சத்து கீதுன்னு. நீ வேலைக்குப் போனப்புறம் தெனம் ஊத்திகினுதான் கீறேன். வாடுதேன்னு இப்ப ரெண்டு வாளி.”

தை மாதத்தில் சொல்லியிருந்தேன். அவள் அடுக்களையில் மீன் அலசிய நீரைக் கொட்டப் போனபோது, நைட்ரஜன் அது இது என்று ஒரு பாடமே நடத்தினேன். அது குழாய்த் தண்ணீர். இது பெட்டியின் அடியில் தங்குகிற ஐஸ் தண்ணீர். துறைமுகத்தில் கடல் தண்ணீரில் அலசிய மீனிலிருந்து வடிந்தது. இரண்டும் வேறு என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் மீன் வாசனை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று மாதமாக நானும் கேட்கவில்லை.

மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

“நான்தாம்மா தப்பா சொல்லிட்டேன். பொட்டித் தண்ணியில உப்பு கீது. அதான் செடி சாவுது.” படிப்பு விஷயத்தில் என் தப்பை அவளிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் முறை.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “இப்ப இன்னா ஊத்தணும், சொல்லு” என்றாள்.

“நல்ல தண்ணி. உப்பு கழுவிப் போற வரைக்கும்.”

கோடையில் குழாய் நின்றுவிட்டதால் நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிடித்த குடங்களில் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மூன்று மாடி ஏற்றினோம். டிரம்மின் அடி ஓட்டை வழியாகக் கலங்கலாக வடிந்தது. நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். “உப்பு கீதா?” “கீது.” அடுத்த குடம். “இதுக்கு ஒரு கல்யாணமே பண்ணிடலாம் போல” என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, அடித்தண்டில் கருஞ்சிவப்பாக ஒரே ஒரு துளிர் வந்தது. விரல் நீளம்கூட வளரவில்லை, அதன் நுனியில் ஒரு மொட்டு. சாகப்போகிற செடி அவசரமாகப் பூக்கும் என்று நான் படித்திருக்கிறேன். விட்டால் ஒரு பூ நிச்சயம், அதோடு செடி முடிந்தாலும் முடிந்துவிடும். கிள்ளினால் பூவும் இல்லை, செடிக்கும் உத்தரவாதம் இல்லை.

கையை நீட்டினேன். “நீ கேட்ட பூம்மா இது” என்றேன். “வுட்டுடட்டுமா?”

“செடி பொழைக்கட்டும்டி. உன் நைனா இன்னா, ஓடியா போவப்போறாரு?”

என்னை நகர்த்திவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் அவளே கிள்ளினாள். உள்ளங்கையில் வைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “மோந்து பாரு. டீ வாசனை வருதா?”

மீன் வாசனைதான் வந்தது.

“வருதும்மா” என்றேன்.

கீழே லாரி ஹாரன் அடித்தது. குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.