ஹாரன் சத்தமும் நர்ஸின் கையும்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான், 1960களிலேயே இரண்டு லாரிக்கு முதலாளி. வருவது நான்தான் என்று திருவண்ணாமலைக்கே தெரிய, ஹாரன் அடித்துக்கொண்டுதான் போவேன்.

பேசாத, யார் முகமும் பார்க்காத என் மகன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தான். ஒருநாள் அவனைப் பார்க்க, வழக்கம்போல் ஹாரன் அடித்துக்கொண்டே போய் இறங்கிக் காத்திருந்தேன். பொறுக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தால், டாக்டரம்மா நர்ஸுகளை உட்காரவைத்து, மனபாரத்தைச் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் அழுதாள்.

"சம்பளம் வாங்கிக்கினு அழுவுறதுக்கு ஒரு பயிற்சியா?" என்று சிரித்தேன்.

"உங்க ஹாரன் கேட்டதும் உங்க புள்ள செவுத்துல தலைய மோதிக்கினான். நடுவுல என் கைய வெச்சேன். வலியில அவன்மேல கோவம் வந்துடுச்சு. அதான் அழுவுறேன்."

அவள் புறங்கை தோலுரிந்திருந்தது.

அதற்குப் பிறகு லாரியைத் தேரடியிலேயே நிறுத்திவிட்டு நடந்துபோனேன். கோபத்தைச் சொல்லி அழ அவளுக்கு ஓர் இடம் இருந்தது. என் வெட்கத்தை இன்றுதான் சொல்கிறேன்.