திரைச்சீலை அக்காவின் குதிகால்

படிக்கட்டின் விளிம்பில் முன்பாதங்களை மட்டும் ஊன்றி, குதிகால்கள் இரண்டையும் அந்தரத்தில் விட்டு நிற்கிறார் திரைச்சீலை அக்கா. ஒரு கை கைப்பிடியில், மறு கையில் காப்பி. குதிகாலை மெல்ல இறக்குகிறார், மெல்ல ஏற்றுகிறார். பால் வாங்கி வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். "கொஞ்சம் பொறுங்க, நரம்பை இழுத்துக்கிட்டிருக்கேன்" என்பார். கீழ்வீட்டுக்காரன் என்ற உரிமையில், அது நரம்பில்லை, தசைநாண் என்று ஒருமுறை திருத்தினேன். "எதுவா இருந்தா என்ன, வலிக்கிறது எனக்குத்தானே" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

பெரிய ஜவுளிக்கடையில் திரைச்சீலைப் பிரிவு அவருடையது. ஜன்னல் அளவை நாம் சொல்லி முடிப்பதற்குள் துணியை உதறி மேஜை முழுக்க விரித்திருப்பார். அந்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை நிற்க வேண்டும். வாங்க ஆளே இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. விற்கிறவர்கள் உட்கார்ந்தால் வியாபாரமும் படுத்துவிடும் என்று முதலாளிக்கு எந்தப் புண்ணியவானோ சொல்லியிருக்கிறான்.

வலி போன வருடம் வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்த மாதிரி இருக்குமாம். வைத்தியம் சொல்லாத ஆளில்லை. யாரோ சொன்னார்களென்று செங்கல்லைச் சுடவைத்து மிதித்ததில் கொப்புளம்தான் மிச்சம். மகன் வேலையை விட்டுவிடச் சொன்னான். சூப்பர்வைசரோ, இப்படி நொண்டினால் கிடங்குக்கு மாற்றிவிடுவேன் என்றார். கிடங்கில் மூட்டை உண்டு, பேச ஆள் கிடையாது. பேச்சில்லாமல் அக்கா அரை நாள் தாங்க மாட்டார்.

இந்த இருவர் மேலும் வந்த கோபத்தில்தான் அவர் ஒழுங்காக வைத்தியத்தில் இறங்கினார் என்று நினைக்கிறேன். பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட விடவில்லை. படுக்கையிலேயே துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுப்பார். வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடை. அப்புறம் இந்தப் படிக்கட்டு. மதியத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கடை கேன்டீன் ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்து, மேஜைக்கடியில் போட்டுப் பாதத்தால் உருட்டுவார். மேலே திரைச்சீலை விரியும், கீழே பாட்டில் உருளும்.

நல்ல வெயில் நாள் ஒன்றில் சூப்பர்வைசர் ஃப்ரீசரிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, உருக உருகக் குடித்துத் தீர்த்துவிட்டார். அது எங்கே உருண்ட பாட்டில் என்று தெரிந்ததும் கடையில் பாட்டிலுக்குத் தடை வந்தது. அக்கா நேரே முதலாளி அறைக்குப் போனார். பாட்டில் கூடாதென்றால் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும், இரண்டும் இல்லையென்றால் திரைச்சீலையை முதலாளியே விற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். "உக்காந்தா வியாபாரம் குறையுதான்னு நீங்களே பாருங்க சார்." வலி தீரும்வரை மட்டும் என்ற நிபந்தனையோடு ஸ்டூல் வந்தது. வியாபாரம் குறையவில்லை.

பக்கத்துப் போர்வைப் பிரிவில் இன்னொரு பெண்மணி நிற்கிறார். மாலையானால் கணுக்கால் வீங்கிவிடும். வாய் திறந்து ஒன்றும் கேட்கத் தெரியாதவர். ஸ்டூல் வந்த நாளிலிருந்து அதை ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி.

போன வாரம் ஜன்னலுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். அக்கா ஏணியில் விறுவிறுவென்று ஏறி, மேல்தட்டிலிருந்து துணிச்சுருளோடு இறங்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் சூப்பர்வைசரும் பார்த்துவிட்டார்.

"வலி போயிடுச்சு போலிருக்கே அக்கா. அப்போ ஸ்டூலை எடுத்துடலாமா?"

போர்வைக்காரம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றுகொண்டார்.

"எனக்குப் போயிடுச்சு சார்" என்றார் அக்கா. என் துணியை அளப்பதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. வலது குதிகாலைப் பின்னால் கொண்டுபோய் ஸ்டூலின் காலில் வைத்து ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். அது தரையைக் கீறிக்கொண்டு போய், போர்வைக்காரம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் நின்றது.